அளந்த பிறகு கழற்றுங்கள்

டர்போ வைத்த கார் நீலப் புகை விட்டால் நம் ஊர்ப் பட்டறைகளில் உடனே வரும் தீர்ப்பு, "டர்போ போச்சுங்க." கழற்றுவார்கள், ரீகண்டிஷனுக்கு அனுப்புவார்கள், ஐந்து இலக்கத்தில் ஒரு பில் வரும், திரும்ப மாட்டுவார்கள். சில வாரத்தில் மறுபடியும் அதே புகை. மறுபடியும் டர்போவின் மேல்தான் பழி.

டர்போவின் தண்டு சுழல்வது எண்ணெய்ப் படலத்தின் மேல். என்ஜினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தோடு உள்ளே வரும் எண்ணெய், வேலை முடிந்ததும் நுரைத்துப்போய்த் தன் எடையால் மட்டுமே கீழே என்ஜினின் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். இறங்கும் குழாய் எங்காவது மடங்கியிருந்தால், சரிவு போதாமல் படுத்திருந்தால், சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தால், அல்லது தேய்ந்த பிஸ்டன் ரிங்குகள் வழியாக என்ஜினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தால், எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கும். அங்கே தடுப்பாக இருப்பது ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய உலோக வளையம்தான். தேங்கிய எண்ணெயை அதனால் தடுக்க முடியாது. பெட்டியைப் பிரித்து அப்போதே எடுத்த புது டர்போவும் அந்தக் காரில் புகைதான் விடும். குழாயைப் பார்க்க ஒரு டார்ச் லைட்டும் ஐந்து நிமிடமும் போதும்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அக்கா மகனோடு சேர்ந்து பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை டர்போ டிராக் காராக மாற்றி ஓட்டுகிறோம். நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், நின்ற இடத்திலிருந்து எத்தனை வினாடியில் கடக்கிறது என்பதே டிராக் பந்தயம். எங்கள் கார் 14 வினாடிக்குள் கடக்கிறது. உலகத் தரத்துக்கு அது பெரிய எண் இல்லை. கம்பெனியிலிருந்து 85 குதிரைத்திறனோடு வந்த 1298 சிசி என்ஜினை வைத்துக்கொண்டு பட்டறையில் நாங்களே கட்டிய காருக்கு அது நல்ல எண்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இந்தக் கார் எனக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் சொல்கிறேன்: நம் மெக்கானிக்குகளின் கைத்திறன் எங்கும் போய்விடவில்லை, காரணம் தேடும் பழக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குப் பாதிப் பொறுப்பு வாடிக்கையாளர்களாகிய நம்முடையது.

கம்பெனி காரில் காரணம் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம். பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று யாரோ ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் என்றாவது ஒருநாள் சரியான பாகத்தில் கை பட்டுவிடும். வீட்டில் கட்டிய டர்போ காரில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. இன்ஜெக்டர் ஒரு காரிலிருந்து, காயில் இன்னொன்றிலிருந்து, டர்போ எப்போதோ இறக்குமதியான ஜப்பானிய என்ஜினோடு வந்தது, இன்டர்கூலர் அளவு சொல்லி அடித்தது. மேனிஃபோல்டு எங்கள் பட்டறையிலேயே 12 மில்லிமீட்டர் தகட்டை லேசரில் வெட்டி, குழாயை டிக் வெல்டிங்கில் சேர்த்தது. வெல்டிங் சூட்டில் அந்தத் தகடு வாழைப்பழம் மாதிரி வளையும். சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டுச் சமமாக்காமல் மாட்டினால் கேஸ்கெட் நிற்காது. இப்படிப்பட்ட காருக்கு மேனுவல் ஏது? கோளாறு வந்தால் தேடித்தான் ஆகவேண்டும்.

ஒரு கோளாறை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

மூன்றாவது கியரில் 5,000 ஆர்பிஎம் தாண்டியதும் கார் தடுமாறியது. டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், 0.6 பார் வரை நன்றாக இழுக்கும், அதற்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வெட்டி வெட்டி ஓடும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் லாம்டா என்று ஒரு எண் காட்டும். 1 என்றால் காற்றுக்குச் சரியான அளவு பெட்ரோல், அதற்குக் கீழே பெட்ரோல் கூடுதல், மேலே குறைவு. பூஸ்டில் ஓடும்போது 0.80 பக்கத்தில் இருந்தால் பிஸ்டன் பிழைக்கும். எங்கள் மீட்டர் 0.95 காட்டியது. பெட்ரோல் பத்தவில்லை என்று படித்தவர் படிக்காதவர் யாரும் சொல்லிவிடுவார்கள்.

சொல்லவும் செய்தார்கள். பெரிய இன்ஜெக்டர் போடு என்றார் ஒருவர். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு சரியில்லை என்றார் இன்னொருவர். டர்போவே சின்னது என்று மூன்றாமவர். ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய் யோசனை. ஈசியுவின் பெட்ரோல் கணக்கை, அதாவது மேப்பை, மாற்ற அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்துவிட்டான்.

"மாமா, மேப்புல பெட்ரோல கொஞ்சம் ஏத்திரலாங்களா?"

"வேண்டாங் கண்ணு. பெட்ரோல் பத்தலைன்னு மீட்டர் சொல்லலை. புகையில ஆக்சிஜன் மிச்சம் இருக்குதுன்னுதான் சொல்லுது."

இந்த வித்தியாசத்தில்தான் பலருடைய என்ஜின் போகிறது. பெட்ரோல் குறைந்தாலும் ஆக்சிஜன் மிஞ்சும். ப்ளக்கில் தீப்பொறி விழாமல் போனாலும் மிஞ்சும், ஏனென்றால் அந்தச் சிலிண்டரின் காற்று எரியாமல் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. சென்சாருக்கு எரியாத பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். இரண்டு நோய்க்கும் மீட்டரில் வரும் எண் ஒன்றே. தீப்பொறி அணைவதுதான் கோளாறு என்றால், பெட்ரோலைக் கூட்டக் கூட்டத் தீ இன்னும் அணையும், மீட்டர் இன்னும் குறைவு என்று காட்டும், மறுபடியும் கூட்டுவோம், கடைசியில் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும்.

அதனால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயில் ஒரு அழுத்த சென்சாரைப் பொருத்தி, பூஸ்ட், ஆர்பிஎம், லாம்டா எல்லாவற்றோடும் சேர்த்துப் பதிவு எடுத்தோம். எங்கள் ரெகுலேட்டர் அமைப்பில் அடிப்படை பெட்ரோல் அழுத்தம் 3 பார். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இதுவும் ஏறவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தள்ளும் காற்றை எதிர்த்து இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்ச முடியாது. 0.7 பார் பூஸ்டில் 3.7 இருக்க வேண்டும். பதிவில் இருந்தது 3.1. தீப்பொறிமேல் இருந்த சந்தேகம் அப்போதைக்கு விலகியது. பெட்ரோல்தான் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் பம்பை மாற்றுவார்கள். எங்கள் பம்பு புதியது. புதியது என்பதால் நல்லது என்றும் ஆகிவிடாது, கோளாறு அதில்தான் என்றும் ஆகிவிடாது. என்ஜினை ஓடவிட்டு, பம்பும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை எடுத்தோம். பேட்டரியில் 13.9 வோல்ட். டிக்கிக்குள் பம்பின் முனையில் 11.2. நடுவில் 2.7 வோல்ட் எங்கேயோ போகிறது. எங்கே போகிறது என்று தேட எதையும் கழற்ற வேண்டியதில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை பம்பின் பாசிட்டிவிலும் வைத்தோம்: 0.3. அது போகட்டும். அதேபோல் நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு வைத்தோம்: 2.4.

எர்த். டிக்கியின் கார்பெட்டுக்குக் கீழே, பெயின்ட் மேலேயே முறுக்கிய ஒரு போல்ட். சுற்றிலும் பழுப்பாகத் துரு, வயரின் செப்பு இழைகள் பச்சை பூத்துக் கிடந்தன. எமரித் தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டினோம். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் புதிய எர்த் இழுத்து, புதிதாக ஒரு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேராகவே பம்புக்கு மின்சாரம் கொடுத்தோம். பதிவில் 3.7 வந்து நின்றது. பெரிய இன்ஜெக்டர் வாங்கியிருந்தால்? வராத பெட்ரோலுக்கு இன்னும் பெரிய வாசல் திறந்து வைத்திருப்போம், அவ்வளவுதான்.

பம்பை நிறுத்திவிட்டு அந்த வயரை அளந்திருந்தால் முழு வோல்டேஜ் காட்டியிருக்கும். மின்சாரம் ஓடும்போதுதான் துரு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஓடாத காரில் அளந்து "வயரிங் எல்லாம் ஓகே" என்று சொல்வதில் பொருளே இல்லை. இதைத் தெரிந்துகொள்ள டிராக் கார்கூட வேண்டாம். என் அப்பா மோட்டார் ரீவைண்டிங் செய்தவர். தோட்டத்திலிருந்து எரிந்துபோன போர்வெல் மோட்டாரைக் கொண்டு வந்தால், காயிலைப் பிரிப்பதற்கு முன்னால் "ஓடறப்ப வோல்டேஜ் எத்தனை இருந்துச்சுங்க?" என்றுதான் கேட்பார். பதில் சொல்ல முடியாத விவசாயியின் தோட்டத்துக்கு மீட்டரோடு தானே போவார். லோ வோல்டேஜில் ஓடிய மோட்டாரை எத்தனை முறை கட்டிக் கொடுத்தாலும் அது எரியத்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் கார் கதை அத்தோடு முடியவில்லை. பூஸ்டை 0.8 பாருக்கு ஏற்றியதும் 6,000 ஆர்பிஎம் பக்கத்தில் அதே தடுமாற்றம், மீட்டரில் அதே மாதிரி எண். எர்த்தைத்தான் மறுபடி சந்தேகிக்கத் தோன்றும். பதிவைப் பார்த்தால் பெட்ரோல் அழுத்தம் அசையாமல் 3.8-ல் நிற்கிறது. இப்போது நோய் வேறு. சிலிண்டரில் காற்று நெருக்கமாக அடைபட அடைபட ப்ளக்கின் இடைவெளியைத் தாண்ட தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். காயிலால் அவ்வளவு தர முடியாவிட்டால் பொறி விழாது. ப்ளக் இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.7-க்குக் குறைத்தோம், சரியாகிவிட்டது. செலவே இல்லை. ஒரே அறிகுறி, ஒரே எண், ஒரே கார், இரண்டு வெவ்வேறு காரணங்கள். போன முறை இதுதான் என்ற அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால் இரண்டாவது முறை டிக்கியையே நோண்டிக்கொண்டிருந்திருப்போம்.

பந்தயத் தளத்தில் கையில் தரும் நேரச் சீட்டும் இப்படி ஒரு அளவுகோல்தான். முதல் 60 அடிக்கு ஆன நேரம், மொத்த நேரம், கோட்டைக் கடக்கும்போது இருந்த வேகம் எல்லாம் அதில் இருக்கும். கடைசி வேகம் கூடியிருக்கிறது, மொத்த நேரம் மட்டும் குறையவில்லை என்றால் என்ஜினில் பலம் இருக்கிறது, டயர் தரையைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது பூஸ்டை ஏற்றுகிறவர் பணத்தை டயர் புகையாக எரிக்கிறார். இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோலில் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு, இதில் 13.5 பக்கம் வந்துவிடுகிறது. வெளிநாட்டுக்காரர் எப்போதோ சொன்ன காற்று-எரிபொருள் எண்ணைப் பார்த்து டியூன் செய்கிற பையன்கள் லாம்டாவில் பார்க்கப் பழகுவது நல்லது.

காரணம் தேடாமல் பாகத்தின்மேல் பழிபோடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1905-ல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஹி காப்புரிமை பெற்ற டர்போ, 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் மூலமாகப் பயணிகள் காருக்கு வந்தது. என்ஜின் தட்டாமல் இருக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி வைத்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறைந்துவிடும். பலர் தொட்டியை நிரப்பவே இல்லை. கார் இழுக்கவில்லை என்று டீலரிடம் போனார்கள், டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொண்டு வந்தார்கள். 1963-ஓடு அந்தக் கார் நின்றுபோனது.

நம் பட்டறைகளில் தேடுதல் ஏன் குறைந்தது? மெக்கானிக்குக்குச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. தேடுகிற நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அந்த எர்த் போல்ட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பாதி நாளுக்கு மேல் ஆனது. வாடிக்கையாளர் கார் என்றால் என்ன பில் போடுவது? வயர், ரிலே எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். அதன் பக்கத்தில் "பழுது கண்டறிந்த கூலி 2,000" என்று எழுதிப் பாருங்கள். "ஒரு வயரு மாத்துனதுக்கு ரெண்டாயிரமா? சும்மா பாத்ததுக்கெல்லாம் காசுங்களா?" என்று சண்டைக்கு வருவார்கள். அதே ஆள், பம்பு மாற்றி 9,000 ரூபாய் பில் போட்டால் பழைய பம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் கட்டுவார், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள் வந்திருக்கிறது. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், மருந்து எழுதாமல் அனுப்பினாலும் கொடுக்கிறோம். பட்டறைக்காரர் மூளையைப் பயன்படுத்தினால் அது இலவசம் என்று எப்படி முடிவு செய்தோம்? பாகத்துக்கு மட்டும் காசு என்றால் பட்டறையும் பாகத்தைத்தான் விற்கும்.

என்னிடம் வேலைக்கு வரும் ஐடிஐ, பாலிடெக்னிக் பையன்கள் சுறுசுறுப்பானவர்கள். என்ஜினைப் பிரித்து வரிசையாக அடுக்கி வைப்பதில் குறை சொல்ல முடியாது. ஸ்கேனரை மாட்டினால் பழுதுக் குறியீட்டு எண்ணைப் படித்துச் சொல்வார்கள். "லீன்", அதாவது பெட்ரோல் குறைவு, என்று குறியீடு வந்தால் அடுத்து எதை அளப்பது என்று கேட்டால் பெரும்பாலும் பதில், "சென்சார் மாத்திப் பாக்கலாங்ணா." சென்சார்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறது, அதையே கழற்றச் சொல்கிறார்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டியிலும் இதைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து, நேர்த்தியாகக் கட்டிக் கொண்டுவந்த கார்கள் எண்டியூரன்ஸ் ஓட்டத்தில் நடுவழியில் நின்றுவிடும். பெரிய உடைசல் கிடையாது. கனெக்டர் கழன்றிருக்கும், ஹோஸ் நழுவியிருக்கும், எர்த் தளர்ந்திருக்கும். அதைப் பத்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடிக்கிற அணியைப் பார்த்தால் எனக்குப் பரிசு வாங்கிய அணியைவிட மரியாதை வருகிறது.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோவும் சிஎன்சியும் வந்திருக்கின்றன, நல்லதுதான். அங்கே மோட்டார் வாகனப் பிரிவில் ஒரு தேர்வு சேர்க்கலாம். ஓடுகிற காரில் ஆசிரியர் ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும்: தளர்ந்த எர்த், ஓட்டை விழுந்த வேக்குவம் குழாய், அடைத்த ஃபில்டர், எதுவாகவும் இருக்கலாம். மாணவரிடம் மல்டிமீட்டர், அழுத்த மீட்டர், டைமிங் லைட், ஒரு தாள், இவ்வளவுதான். ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் எதைச் சந்தேகிக்கிறார், அதை உறுதிசெய்ய எங்கே அளந்தார், என்ன எண் வரும் என்று எதிர்பார்த்தார், என்ன வந்தது என்று எழுதித் தரவேண்டும். கோளாறைப் பிடித்ததற்குப் பாதி மதிப்பெண், போன வழிக்குப் பாதி. சந்தேகப்பட்டது தவறாக இருந்தாலும், அளந்து அதை ஒதுக்கியிருந்தால் அதற்கும் மதிப்பெண் தரவேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, பழைய கார் ஒன்று போதும்.

டிராக் கார் ஆசை வந்த இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. இப்படிக் கட்டிய காரைப் பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இந்த மாதிரி மாற்றத்தையும், 189-ஆவது பிரிவு சாலைப் பந்தயத்தையும் தடுக்கிறது. தடுக்க வேண்டியதும்தான், அவினாசி சாலையில் எதிரே வருபவர் உங்கள் பந்தயத்துக்குச் சம்மதம் தரவில்லை. எங்கள் கார் போட்டிக்கு லாரியில் ஏறித்தான் போகும். கூண்டு, ஹெல்மெட், தீயணைப்பான் மூன்றும் இல்லாமல் ஸ்டார்ட் கூடச் செய்வதில்லை. 1951-ல் கலிபோர்னியாவில் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியது, தெருவில் பறந்த பையன்களைப் பரிசோதனையும் விதியும் உள்ள தளத்துக்குக் கொண்டுவரத்தான். பழைய விமான ஓடுதளங்கள் அங்கே பந்தயத் தளங்களாயின. நம்மிடமும் சோழவரம் இருந்தது. போர்க்கால ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டு பந்தயம் நடத்தியது, பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. கோவைப் பக்கத்தில் மாதத்துக்கு ஒருநாள், பரிசோதனை முடித்த கார்களுக்கு 402 மீட்டர் திறந்துவிட்டால் நூறு பட்டறைப் பையன்கள் தங்கள் வேலையைக் கடிகாரத்தின் முன்னால் நிறுத்திப் பார்ப்பார்கள். அரசு இதை யோசிக்க வேண்டும்.

அரசு யோசிக்கும்வரை வாடிக்கையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை உங்கள் வண்டியில் ஒரு பாகத்தை மாற்றவேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், எதை அளந்தீர்கள், எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருக்கவேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரை விடாதீர்கள். அவர் அளந்து பார்த்த நேரத்துக்குத் தனியாகக் கூலி எழுதினால் பேரம் பேசாமல் கொடுங்கள்.